பெரிது, முன்னது, தொண்ணூறு: எண் ஒப்பிடும் பாடமொழி பற்றிய ஒரு திறனாய்வு

தொடக்கப் பள்ளிக் கணக்குப் புத்தகத்தைத் தமிழாய்வாளர் கையில் எடுப்பது அருமை. அது கணக்காசிரியர்க்கு உரியது என்று ஒதுக்கிவிடுதல் வழக்காயிற்று. எனினும், ஐந்தாறு அகவைக் குழந்தை எண்களை ஒப்பிடவும் வரிசைப்படுத்தவும் கற்கும் பக்கங்களில் கணக்கு எவ்வளவு உண்டோ அவ்வளவு இலக்கணமும் உண்டு. வினா தமிழில் எழுதப்படுகின்றது. விடையும் தமிழிலேயே நினைக்கப்படுகின்றது. வினாவின் மொழி நெகிழ்ந்திருப்பின் விடை பிறழும். பிறழ்ந்த பழியோ குழந்தையின் தலைமேல் ஏறும். 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ‘எண்ணும் எழுத்தும்’ என்னும் திட்டத்தைத் தொடங்கி, எட்டு அகவைக்குள் குழந்தைகள் எல்லாரும் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் எய்தவேண்டும் எனக் குறிக்கோள் வகுத்தது. எண்ணையும் எழுத்தையும் ஒருசேர வைத்துப் பேசும் காலத்தில், எழுத்துக்கு உரியோர் எண்ணின் பக்கத்தையும் படித்துப் பார்த்தல் கடனாகும்.

யாம் எடுத்துக்கொண்ட பொருளின் எல்லை சிறிது. முழு எண்களை ஒப்பிடும் பாடங்கள் ‘பெரிய எண், சிறிய எண்’, ‘முன், பின், இடையில்’, ‘ஏறுவரிசை, இறங்குவரிசை’ என்னும் ஒரு சில சொற்களாலேயே நடைபெறுகின்றன. இச்சொற்களையும், இவற்றோடு வரும் எண்ணுப்பெயர்களையும், இலக்கண நூல்களின் துணைகொண்டு உரைத்துப் பார்ப்பதே இக்கட்டுரை.

ஒப்பு எங்கே நிற்கின்றது

ஆங்கிலத்தில் ஒப்புமை பண்புச்சொல்லிலேயே ஏறி நிற்கும். பெரிது என்பதற்கு ஒரு வடிவும், ஒன்றனினும் பெரிது என்பதற்கு வேறொரு வடிவும் அம்மொழியில் உண்டு. தமிழில் பண்புச்சொல் அவ்வாறு திரிவதில்லை. ‘பெரிது’ என்பது யானைக்கும் ஒன்றே. யானையினும் பெரிய மலைக்கும் ஒன்றே. நம் மொழியில் ஒப்பினைத் தாங்குவது பெயரின் வேற்றுமை. ‘எட்டு ஐந்தினும் பெரிது’ என்புழி, ஒப்பு ‘பெரிது’ என்பதில் இல்லை. ‘ஐந்தினும்’ என்பதில் உள்ளது.

இவ்வுண்மை சிறிதாகத் தோன்றினும் இதன் விளைவு பெரிது. ஆங்கில வினாவை முன்வைத்துத் தமிழ் வினாவை அமைப்போர், ‘பெரிய எண்ணை வட்டமிடுக’ என்று எழுதிவிடுகின்றனர். மூலத்தில் ஒப்பு எஞ்சி நிற்கும். தமிழில் அது முற்றும் உதிர்ந்துபோகும். எதனினும் பெரிய எண்? வினாவில் விடையில்லை. பக்கத்தில் இரண்டு எண்கள் அச்சிடப்பட்டிருப்பதைக் கண்டு குழந்தை தானே ஊகித்துக்கொள்ள வேண்டும். ஊகிக்கும் குழந்தை தப்பும். சொன்னதைச் சொன்னவாறு கொள்ளும் குழந்தை இடர்ப்படும். 3, 5 என்னும் இணையைக் கண்டு ‘இரண்டும் சின்ன எண்தான்’ என்று ஒரு குழந்தை கூறுமாயின், தமிழ் மரபு நோக்க அக்குழந்தையின்பால் பிழை காண்டல் அரிது. பத்து விரலுக்குள் அடங்கும் எண்கள் அதற்குச் சிறியனவே அன்றோ!

தொல்காப்பியர் ஐந்தாம் வேற்றுமையின் பொருளைக் கூறுமிடத்து ஒன்றோடொன்று பொருவப்படும் பண்புகள் பலவற்றை நிரல்படக் கூறுவர். உரையாசிரியர்கள் அப்பொருவுதலை உவமப்பொருவு, உறழ்பொருவு என இரண்டாகப் பகுத்தனர். ஒத்தது கூறுவது முன்னது. மிக்கதும் குறைந்ததும் கூறுவது பின்னது. இக்காலக் கணக்குக் குறியீட்டால் கூறின், சமக்குறி உவமப்பொருவின்பாற்படும். மிகுதிக்குறியும் குறைவுக்குறியும் உறழ்பொருவின்பாற்படும். மூன்று குறிகளையும் ஒரே வேற்றுமையின் கீழ் அடக்கிய பகுப்பு இஃது என்பது நினைத்தற்குரியது. எனினும், இவ்விரண்டற்கும் உருபு ஒன்றே ஆதலின் மயக்கத்திற்கும் இடமுண்டு. காக்கையையும் களம்பழத்தையும் வைத்து உரைகாரர் காட்டும் பழைய எடுத்துக்காட்டு, காக்கை போலக் கரிது எனவும் காக்கையினும் மிகக் கரிது எனவும் இருபொருள் பட நிற்கும். செய்யுளில் அவ்விருமை அழகாகலாம், எண்ணில் ஆகாது. பிற்கால வழக்கு ‘இன்’ என்பதனோடு உம்மை சேர்த்தும், ‘காட்டிலும்’, ‘விட’ என்னும் சொற்களைத் துணைக்கொண்டும் உறழ்பொருவைப் பிரித்துக்கொண்டது நன்றே. ‘ஐந்தைவிட எட்டு பெரியது’ என்னும் பேச்சுத்தொடரில் இலக்கணக் குறை யாதும் இல்லை. பாடநூல் இதனை முழுமையாக எழுதினால் போதும், சுருக்கவேண்டுவதில்லை.

பெருமையும் பன்மையும்

மேற்கூறிய நிரலில் இன்னொன்று காணத்தக்கது. சிறுமை, பெருமை என்பன ஓரிடத்தில் வருகின்றன. பன்மை, சின்மை என்பன பிறிதோரிடத்தில் தனியே வருகின்றன. பருமையால் மிகுவது வேறு, தொகையால் மிகுவது வேறு என்னும் தெளிவு அந்நூற்பாவில் இருக்கின்றது. நம் பாடநூல்களோ தொகையைப் பற்றி வினவவேண்டிய இடத்தில் பருமையைப் பற்றி வினவுகின்றன. ‘எட்டுப் பெரியது’ என்கின்றோம். எட்டு என்னும் எண்ணுக்கு உருவம் ஏது? எட்டு மாங்காய் ஐந்து மாங்காயினும் பல என்பதே உண்மைப் பொருள். பெரிய என்னும் சொல் எண்ணுக்கு ஆகிவந்த சொல். ஆகுபெயரும் உருவகமும் வளர்ந்தோர்க்கு வழக்கில் தேய்ந்து இயல்பாகிவிடும். குழந்தைக்கு அவை இன்னும் தேயாதவை.

இதனை உளநூலாரின் ஆய்வுகளும் அரண் செய்கின்றன. பியாசே என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் குழந்தைகளின் எண்ணறிவு பற்றி 1941இல் வெளியிட்ட நூல் பலரும் அறிந்தது. இரண்டு வரிசைகளில் ஒத்த தொகையாகப் பொருள்களை வைத்து, பின்னர் ஒரு வரிசையை மட்டும் அகலப் பரப்பிவிட்டு வினவின், நான்கு ஐந்து அகவையினர் பலர் நீண்ட வரிசையிலேயே பொருள் மிகுதி என்பர். அந்நிலையில் உள்ள சிறாரிடம் ‘எந்த வரிசை பெரியது?’ என்று தமிழில் வினவின், அவர்கள் நீண்டதைச் சுட்டுவது பிழையா, வினாவுக்கு ஏற்ற விடையா என்று துணிய இயலாது. ‘எந்த வரிசையில் கூடுதலாக இருக்கின்றன?’ என்பதே தொகையை வினவும் தமிழ். இனி, அச்சில் பெரிதாக எழுதிய 3, சிறிதாக எழுதிய 8 இவற்றுள் எண்மதிப்பால் மிக்கது எது என்று வினவின், வளர்ந்தோரும் விடை கூறச் சற்றுத் தாழ்ப்பர் என்பது உளநூலார் பலகால் ஆய்ந்து கண்டது. அவ்வாறாயின், வண்ணப்படங்களுக்கிடையே எண்களை வெவ்வேறு அளவில் அச்சிட்டுப் ‘பெரிய எண் எது?’ என்று வினவும் பக்கம் குழந்தைக்குக் கண்ணி வைப்பதே ஆகும்.

ஒன்று கூறல் வேண்டும். ‘பெரிய எண்’ என்னும் தொடரை வழக்கிலிருந்தே நீக்குக என்பது எம் கருத்தன்று. அது வேரூன்றிய வழக்கு. முதலாண்டுப் பாடத்தில் ‘கூடுதல், குறைவு’ என்று பொருள்களைக் கொண்டு பயிற்றி, எண்ணுரு பழகிய பின்னரே ‘பெரியது, சிறியது’ என்பதற்கு வருதல் தகும் என்பதே கருத்து.

முன் என்னும் சொல்லின் இருமுகம்

‘ஐந்துக்கு முன் வரும் எண் எது?’ இவ்வினாவைத் தமிழ் முதுகலை மாணவரிடம் இலக்கண வகுப்பில் வினவிப் பாருங்கள். புணர்ச்சி விதிகளில் தோய்ந்தவர் சற்றுத் தயங்குவர். உயிர்முன் உயிர், மெய்முன் மெய் என்று இலக்கணம் கூறும்போது, முன் வருவது வருமொழி. அஃதாவது, நிலைமொழியைச் சொல்லிய பின்னர்ச் சொல்லப்படுவது. இடத்தால் முன்; காலத்தால் பின். இவ்விரு நோக்கையும் உரையாசிரியர்கள் பிரித்தே விளக்கிப் போந்தனர். அவ்விலக்கண நடைப்படி, ஐந்தின்முன் வருவது ஆறாதல் வேண்டும். பாடநூல் எதிர்பார்க்கும் விடையோ நான்கு.

இஃது இலக்கண நூலோடு ஒழிந்த முரணன்று, நாள்வழக்கிலும் உள்ளது. நியாயவிலைக் கடையில் வரிசையில் நிற்கும் ஐந்தாமவனுக்கு முன் நிற்பவன் நான்காமவன். படிக்கட்டில் ஐந்தாம் படியில் மேல்நோக்கி நிற்பவனுக்கு முன்னே இருப்பது ஆறாம் படி. எண்களை வரிசையாகக் கருதுவோர்க்கு நான்கு முன். வழியாகக் கருதுவோர்க்கு ஆறு முன். ‘முன்னேறு’ என்று நாம் கூறுவது மேற்செல்லுதலை. ‘முன்னோர்’ என்று கூறுவது கழிந்தோரை. தரையில் எண்கோடு வரைந்து, குழந்தையை ஐந்தின்மேல் நிறுத்தி, எண் மிகும் திசையை நோக்கச் செய்து, ‘உனக்கு முன்னால் இருப்பது எது?’ என்று வினவும் ஆசிரியர் ஆறு என்னும் விடையைப் பெறுவர். அவரே மறுநாள் தாளில் அதே சொல்லால் வினவி, ஆறு என்ற விடையைப் பிழை என அடித்தால், அக்குழந்தை எதனைக் கற்கும்?

மேல்வகுப்புகளுக்கு ‘முன்னி’, ‘தொடரி’ என்னும் கலைச்சொற்கள் வழங்குகின்றன. ஓர் எண்ணினும் ஒன்று குறைந்தது முன்னி; ஒன்று மிகுந்தது தொடரி. இவ்விரண்டனுள் தொடரி என்பதே சிறந்த ஆக்கம். தொடர்தல் என்னும் வினை எண்ணும் செயலின் திசையைத் தன்னுள் கொண்டது, மயக்கத்திற்கு இடமில்லை. முன்னி என்பதோ ‘முன்’ என்பதன் பழைய இருமுகத்தையும் உடன்கொண்டு வந்தது. சூத்திரம்போல் மனனம் செய்தாலன்றி நிலைக்காது. இளஞ்சிறார்க்குக் கலைச்சொல்லே வேண்டுவதில்லை. ‘எண்ணிக்கொண்டு வரும்போது ஐந்தைச் சொல்லுவதற்குச் சற்று முன் எதைச் சொன்னாய்?’ என்று கேட்பின், முன் என்பது காலத்தைக் குறித்து நின்று தெளிவாகும். ‘ஐந்தினும் ஒன்று குறைந்தது எது?’ என்பது அதனினும் திட்பமுடையது.

எண்ணுப்பெயருக்குள் ஒப்பீடு

இனி, எண்ணுப்பெயர்களுக்கு வருவோம். தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் ஈற்றியலாகிய குற்றியலுகரப் புணரியலின் பெரும்பகுதி எண்ணுப்பெயர்ப் புணர்ச்சிக்கே செலவாகின்றது. மாணவர் அதனை வறண்ட பகுதி என்று கடந்துசெல்வர். குழந்தையின் காதால் கேட்பின் அதனுள் வியப்பு உண்டு.

பத்தும் ஐந்தும் சேர்ந்து பதினைந்து ஆகும். ஐந்தும் பத்தும் சேர்ந்து ஐம்பது ஆகும். சொற்கள் இரண்டே, முறை மாறியதும் மதிப்பு மாறுகின்றது. பெரியதன்பின் சிறியது வரின் கூட்டல். சிறியதன்பின் பெரியது வரின் பெருக்கல். முன்னது பத்தும் ஐந்தும் என விரிந்து உம்மைத்தொகையாம். பின்னது ஐந்தாகிய பத்து என விரிந்து பண்புத்தொகையாம். எத்தொகை என்பதனைச் சொல்லின் வடிவு மட்டும் காட்டாது; இரண்டு எண்களுள் எது மிக்கது என்று அறிந்தவனே அறிவான். ஆகவே தமிழ் எண்ணுப்பெயர் ஒன்றனைப் பொருள் உணர்ந்து கேட்பதற்கே, அதன் உறுப்புகளை ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒப்பிடுதல் என்பது எண்களைக் கற்றபின் கற்கும் தனிப்பாடம் என்று பாடத்திட்டங்கள் வகுக்கின்றன. தமிழ்க் குழந்தையோ பதினைந்தையும் ஐம்பதையும் பிரித்துணர்ந்த அன்றே அதனைச் செய்யத் தொடங்கிவிட்டது. இவ்விணைகளைப் பாடநூல்கள் பயன்படுத்திக்கொள்ளாதது இழப்பே. பதின்மூன்றும் முப்பதும், பதினான்கும் நாற்பதும், பதினெட்டும் எண்பதும் என இவற்றை அடுத்தடுத்து வைத்துக் காட்டின், இடமதிப்பின் கருத்து எண்ணுரு எழுதுமுன்னரே செவிவழி நுழையும்.

பத்துக்கு மேற்பட்ட பெயர்கள் தமிழில் பெரும்பாலும் வெளிப்படையானவை. ஆங்கிலத்தில் பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் வழங்கும் பெயர்களில் பத்து என்னும் உறுப்புக் கேட்பதில்லை. இந்தியில் நூறுவரை பெயர்கள் ஏறத்தாழ ஒவ்வொன்றும் தனித்தனியே மனனம் செய்யத்தக்கன. அதனோடு இருபத்தொன்பதை முப்பதில் ஒன்று குறைந்ததாகவும், முப்பத்தொன்பதை நாற்பதில் ஒன்று குறைந்ததாகவும் பெயரிடும் முறையும் உண்டு. தமிழ்க் குழந்தைக்கு இவ்விடர்ப்பாடு இல்லை. ‘இருபத்தொன்பது’ என்பதில் இருபதும் ஒன்பதும் வெளிப்படையாகக் கேட்கின்றன.

ஆயினும் தமிழுக்கும் ஒரு முடிச்சு உண்டு. அது தொண்ணூறு, தொள்ளாயிரம் என்பன. இருநூறு, முந்நூறு, நானூறு, ஐந்நூறு, அறுநூறு, எழுநூறு, எண்ணூறு என்று சொல்லிவரும் நாவுக்கு அடுத்து இயல்பாக வரவேண்டுவது எது? தொண்ணூறு. அதுவோ எண்ணூற்றின் மேற்பட்டதன்று, நூற்றுக்கும் குறைந்தது. எண்ணூற்றின்பின் வருவது ஆயிரம் என்னும் சொல்லை ஈற்றில் கொண்ட தொள்ளாயிரம். அஃது ஆயிரத்தினும் சிறிது. கேட்கும் சொல்லால் ஒப்பிடுவோர் நூறு என்ற இடத்தில் நூற்றினும் குறைவையும், ஆயிரம் என்ற இடத்தில் ஆயிரத்தினும் குறைவையும் காணவேண்டியிருக்கின்றது. ‘தொண்ணூறு’ என்று சொல்லி எழுதச் சொன்னால் 900 என்று எழுதும் குழந்தையைக் கண்டிராத தொடக்கப்பள்ளி ஆசிரியர் சிலரே இருப்பர். அப்பிழையில் மடமை இல்லை. ஒப்புமையாக்கத்தின் ஒழுங்கு இருக்கின்றது.

இம்முடிச்சைத் தொல்காப்பியர் புணர்ச்சியால் அவிழ்ப்பர். ஒன்பதும் பத்தும் புணருமிடத்து நிலைமொழி முதலில் தகரம் தோன்றி, ஒற்று ணகரமாய் இரட்டி, வருமொழியின் பகரமும் ஆய்தமும் கெட்டு, ஊகாரம் நின்று, தகரம் றகரமாகித் தொண்ணூறு என முடியும் என்பது அவர் விதியின் பொருள். நன்னூலார் இன்னும் சுருக்கிப் பத்து நூறாகவும், நூறு ஆயிரமாகவும் முரணும் என்பர். விதி உள்ளதை உள்ளவாறு காட்டுகின்றது, காரணம் காட்டவில்லை. ஒன்பது, தொண்ணூறு, தொள்ளாயிரம் மூன்றும் முறையே பத்தினும் நூற்றினும் ஆயிரத்தினும் குறைந்தவை என்னும் கருத்தால் எழுந்த பெயர்கள் எனக் கொள்வார் உளர். தேவநேயப் பாவாணர் வேறு கூறினார். தொண்டு என்பதே ஒன்பதன் பழம்பெயர். தொண்பது தொண்ணூற்றுக்கும், தொண்ணூறு தொள்ளாயிரத்துக்கும், தொள்ளாயிரம் ஒன்பதாயிரத்துக்கும் முதற்கண் பெயராயிருந்து, பின்னர் ஒவ்வொன்றும் ஒருபடி இறங்கின என்பது அவர் முடிபு. தொண்டு என்னும் சொல் ஒன்பது என்னும் பொருளில் வழங்கியமைக்குத் தொல்காப்பியச் செய்யுளியலும் பரிபாடலும் சான்றாகும். கன்னடத்தில் இன்றும் தொண்ணூற்றுக்குத் ‘தொம்பத்து’ என்பதே பெயர், தெலுங்கில் ‘தொம்பை’. ஆகவே பத்து என்னும் ஈறுகொண்ட பெயர் தொண்ணூற்றுக்கு இவ்வினத்தில் உண்டு என்னும் அளவிற்குப் பாவாணர் கூற்று வலிவுடையது.

எனினும் படியிறக்கம் முழுவதையும் ஏற்றல் எமக்கு அரிதாகவே உள்ளது. கொள்வினையும் கொடுப்பினையும் நாள்தோறும் எண்ணால் நடக்கும் சமுதாயத்தில் தொண்ணூறு என்னும் சொல் தொள்ளாயிரத்தைக் குறிப்பதை விடுத்துத் தொண்ணூற்றைக் குறிக்கத் தொடங்கிய இடைக்காலம் ஒன்று இருந்திருத்தல் வேண்டும். அக்காலத்து விலையும் அளவும் எவ்வாறு மயங்காது நின்றன? மலையாளமும் நம்மைப்போலவே தொண்ணூறு, தொள்ளாயிரம் என்றே வழங்குதலால், இவ்வமைப்பு அம்மொழி பிரியுமுன்னரே நிலைபெற்றதாதல் வேண்டும். குறைந்த நூறு, குறைந்த ஆயிரம் என்னும் விளக்கமே மூன்று பெயர்களையும் ஒருங்கு தழுவுகின்றது. ஆயினும், எண்ணூற்றின்பின் தொண்ணூறு என்று எண்ணும் குழந்தை, பாவாணர் ஆராய்ந்து கண்ட வரிசையை ஆராயாமலே கண்டுவிடுகின்றது என்பதை எண்ணி மகிழாதிருத்தலும் அரிது.

இப்பெயர்களை ஒழுங்குபடுத்தி மாற்றியமைத்தல் நன்றா? அன்று. ஈராயிரம் ஆண்டு வழங்கிய சொல்லைக் குழந்தையின் பயிற்சி கருதி மாற்றின், வீட்டில் ஒரு சொல்லும் பள்ளியில் ஒரு சொல்லுமாய் இடர் இரட்டிக்கும். செய்யத்தக்கது வேறு. ஒன்பதைப் பத்துக்கு ஒன்று குறைவாகவும், தொண்ணூற்றை நூற்றுக்குப் பத்துக் குறைவாகவும், தொள்ளாயிரத்தை ஆயிரத்துக்கு நூறு குறைவாகவும் குச்சிக்கட்டுகளால் காட்டுதல். சொற்பிறப்பு எதுவாயினும், பயிற்றுமுறைக்கு இவ்விளக்கம் உதவும். பத்துக் கட்டுகளை நூறு என்று அடுக்கி, ஒரு கட்டை எடுத்தவுடன் ‘தொண்ணூறு’ என்று சொல்லச் செய்தால், அச்சொல்லில் ஒலிக்கும் நூறு எதற்காக அங்கே நிற்கின்றது என்பது கைக்கே விளங்கும். பத்தொன்பது ஒன்று மட்டும் பதின் என்று குறுகாது நிற்பதற்குத் தனிப்பாடம் வேண்டா. குழந்தைகள் அதனைக் கேட்டே பழகிவிடுகின்றனர்.

எழுதும் முறையும் ஒப்பிடும் முறையும்

‘இலக்கங்களின் எண்ணிக்கை மிகுந்த எண்ணே பெரியது’ என்பது பாடநூல்களில் விதியாகவே கற்பிக்கப்படுகின்றது. இஃது எண்ணின் இயல்பா, எழுத்தின் இயல்பா? பழந்தமிழ் எண்முறையை அறிந்தார்க்கு விடை எளிது. அம்முறையில் பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ எனத் தனிக்குறிகள் உண்டு. இருநூற்று முப்பத்தைந்து ௨௱௩௰௫ என எழுதப்படும். ஆயிரத்துக்கு ௲ என ஒரே குறி போதும். அதனினும் ஒன்று குறைந்த தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுக்கோ ௯௱௯௰௯ என ஐந்து குறிகள் வேண்டும். இலக்கம் எண்ணி ஒப்பிடுவோன் இங்குத் தோற்பான். திண்ணைப்பள்ளி மாணவன் குறிகளின் தொகையை நோக்கவில்லை. அவற்றுள் உயர்ந்த குறி எது என்று நோக்கினான். அது சமமாயின் அதற்கு முன்னின்ற எண்ணை நோக்கினான். அவன் எழுதியது அவன் சொல்லியதன் வரிவடிவே ஆதலின், செவியால் ஒப்பிடுதலும் கண்ணால் ஒப்பிடுதலும் ஒன்றாயின.

பூச்சியத்தோடு கூடிய இடமதிப்பு முறையைத் தமிழெண்களுக்குக் கொணர்ந்த நூலாக 1825இல் வெளிவந்த கணிததீபிகை சுட்டப்பெறுகின்றது. அம்முறையால் கணக்கிடுதல் எளிதாயிற்று என்பதில் ஐயமில்லை. ௲ போன்ற குறிகளை மீளக் கொணர்தல் வேண்டும் என்று கூறுவார் கருத்தோடு யாம் உடன்படவில்லை. ஆனால் 1000 என்னும் உருவில் ஆயிரம் என்னும் சொல் மறைந்து, இடமாக மட்டும் நிற்கின்றது. ஆதலின் ‘இலக்கம் மிகுந்தது பெரியது’ என்பதை விதியாகத் தருமுன், இடது கோடியில் நிற்பது எத்தனை ஆயிரம், எத்தனை நூறு என்று சொல்லச் செய்தல் இன்றியமையாதது. அவ்வாறன்றி விதியை மட்டும் கற்ற குழந்தை, பின்னர்ப் பதின்மக் கூறுகளுக்கு வரும்போது, 0.3 என்பதனினும் 0.25 பெரியது என்று துணியும். அதன் விதிப்படி அதுவே சரி. இலக்கம் என்னும் சொல் ஒருகால் இலட்சத்தையும், ஈழத்து வழக்கில் பொதுவாக எண்ணையும் குறிப்பது வேறு மயக்கம். அதனை விரிப்பின் கட்டுரை பெருகும்.

குறிகளைப் பற்றி ஒரு சொல். சமக்குறியை 1557இல் இராபர்ட்டு இரெக்கார்டு அச்சில் ஏற்றினார். மிகுதி குறைவுக் குறிகள் தாமசு ஆரியட்டு மறைந்தபின் 1631இல் வெளிவந்த நூலில் தோன்றின. மூன்றும் இரண்டு எண்களுக்கு இடையில் நிற்பன. ஆங்கிலத் தொடரில் பயனிலை நிற்கும் இடம் அது. தமிழிலோ பயனிலை ஈற்றில் நிற்கும். 5 < 8 என்பதை இடமிருந்து வலமாக ஓதும் குழந்தை, ஐந்து என்றதும் குறியைக் காண்கின்றது. ஆனால் சிறியது என்று சொல்ல எட்டைக் கடக்கும்வரை காத்திருக்க வேண்டும். இவ்விடைவெளியை நிரப்பவே முதலை வாயைப் பிளந்து பெரிய எண்ணை விழுங்கும் கதை வகுப்புகளில் புகுந்தது போலும். கதை சுவையுடையது, ஆனால் முதலை எதை விழுங்கும் என்று அறிந்த குழந்தை, எழுதிய தொடரை வாயால் படிக்கச் சொன்னால் திகைக்கின்றது. குறியை எழுதியவுடன் ‘ஐந்து எட்டைவிடச் சிறியது’ என்று முழுத்தொடராகச் சொல்லச் செய்தால், முதலை தானே கரையேறிவிடும்.

ஏறுதலும் இறங்குதலும்

ஏறுவரிசை, இறங்குவரிசை என்னும் சொற்கள் மிக நல்ல ஆக்கங்கள். இவற்றின் பின்னணியில் இலக்கிய மரபும் உண்டு. திருவெழுகூற்றிருக்கை என்னும் யாப்பு வகையைச் சம்பந்தரும் திருமங்கையாழ்வாரும் பாடியுள்ளனர். ஒன்று தொடங்கி இரண்டுக்கு ஏறி ஒன்றுக்கு இறங்கும். மீண்டும் ஒன்றிலிருந்து மூன்றுவரை ஏறி இறங்கும். இவ்வாறே உச்சி ஒவ்வோரெண்ணாய் உயர்ந்து ஏழுவரை செல்லும். தேர்வடிவில் கட்டமிட்டு எழுதப்படும் இதனைச் சித்திரகவி என்று மட்டும் கூறி விடுத்தல் போதாது. முழு எண்களின் ஒழுங்கைச் செல்லும் வழியாகவும் மீளும் வழியாகவும் ஒருங்கே உணர்ந்த மனத்தின் ஆக்கம் அது. ஒன்று, இரண்டு, ஒன்று என்பவற்றின் தொகை நான்கு. மூன்றுவரை ஏறியிறங்கும் வரிசையின் தொகை ஒன்பது. ஏழுவரை ஏறியிறங்குவதன் தொகை நாற்பத்தொன்பது. ஒவ்வொரு வரிசையும் தன் உச்சியின் வர்க்கமாதல் காண்க. இது சிறார்க்கு வேண்டுவதன்று. ஆசிரியர்க்கு உவகை தரும்.

பரிபாடலில் திருமாலைப் போற்றும் பாடல் ஒன்று பாழ், கால், பாகு என்னும் மூன்றனைக் கூறியபின், ஒன்று முதல் தொண்டு ஈறாக எண்களை நிரல்பட அடுக்குகின்றது. உரைகாரர் அவற்றுக்குத் தத்துவப் பொருள் காண்பர். அடுக்கிய முறையை மட்டும் நோக்கின், வெறுமையினின்று தொடங்கிக் காலும் அரையும் கடந்து ஒன்றனை அடையும் ஏறுவரிசை அது. எண்ணத் தொடங்கும் இடம் ஒன்றே என்று கொள்ளாத நோக்கு அதில் உளது.

எண்ணின் ஒழுங்கு எப்போதும் மிகுதியைக் குறிப்பதன்று என்பதற்கு அகநானூறு நல்ல சான்று. அதன் நானூறு பாடல்களில் ஒற்றைப்பட எண்பெற்றவை பாலை, இரண்டும் எட்டும் ஈறானவை குறிஞ்சி, நான்கு ஈறானவை முல்லை, ஆறு ஈறானவை மருதம், பத்தாவன நெய்தல். பாலை இருநூறு, குறிஞ்சி எண்பது, ஏனையவை நாற்பது நாற்பது. இங்கு முந்நூறாம் பாட்டு முப்பதாம் பாட்டினும் பெரிதன்று. எண் அதன் இடத்தையும் திணையையும் காட்டுகின்றது, தொகையையோ பருமையையோ அன்று. வகுப்பில் முதல் இடம் பெற்றவன் இரண்டாம் இடத்தானினும் மேலானவன் என்று வீட்டில் கேட்டுவந்த குழந்தையிடம், ஒன்று இரண்டினும் சிறியது என்று கரும்பலகையில் எழுதுகின்றோம். இடத்தைக் கூறும் எண்ணுக்குத் தமிழ் ‘ஆம்’, ‘ஆவது’ என்னும் இடைச்சொற்களைத் தந்துள்ளது. ஒன்றுக்கு மட்டும் ‘முதல்’ என்று வேறு சொல்லே தந்துள்ளது. மூன்று பழங்கள், மூன்றாவது பழம் என்னும் இரண்டனையும் ஒரே பக்கத்தில் படத்தோடு வைத்து, முன்னதற்கு மூன்றனையும் பின்னதற்கு ஒன்றனை மட்டும் வண்ணம் தீட்டச் செய்யும் பயிற்சியை, ஏறுவரிசைப் பாடத்திற்கு முன்னரே வைத்தல் வேண்டும்.